நாலாம் மாடிக் கடல்

நவரத்தினம் நாலாம் மாடிக்குக் கடலை ஏற்றப் போகிறார் என்ற செய்தி வெள்ளவத்தையின் அந்த ஒழுங்கை முழுக்கப் பரவிவிட்டது. பரப்பியது வேறு யாருமில்லை, அவருடைய மனைவி ஜீவராணிதான். "வாசலிலே கடல் கிடக்குது. இவர் வாடகை வான் பிடிச்சுத் தெற்கே எங்கேயோ போய்க் கடல்தண்ணி அள்ளிக்கொண்டு வாறார்" என்று மீன்காரர் தொடங்கி மூன்றாம் மாடி டொக்டர் வரை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தாள். நீலப் பீப்பாக்கள் லிப்டில் ஏறுவதைக் கண்ட காவலாளி, "மேக்க மொகத்த மாத்தயா?" என்று, இது என்ன ஐயா என்பதைச் சிங்களத்தில் கேட்டார். "முஹுத" என்றார் நவரத்தினம். கடல் என்று சொன்னால் மனிதர் சிரிப்பார் என்று நினைத்தார். காவலாளியோ பீப்பாவை விட்டுக் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்.

வாசற்கடலை விட்டுவிட்டுத் தெற்கே போனதற்குக் காரணம் மஷூர். நவரத்தினத்தின் பள்ளிக்கூடத்துக் கூட்டாளி. தெஹிவளையில் கடல்மீன் வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர். ஊர்க் கால்வாய்கள் வந்து கலக்கிற தண்ணீரில் பவளம் வாழாது என்று அவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வரவேற்பறைச் சுவரோரமாக ஒரு கண்ணாடித் தொட்டி, அதற்குள் உயிருள்ள பவளமும் பாறையும் மீனும், கூடவே அலையும் என்பதுதான் திட்டம். அலைதான் முக்கியம் என்று நவரத்தினம் பிடிவாதமாக நின்றார். அறுபது வயதைத் தாண்டிய மனிதருக்கு இது என்ன விளையாட்டு என்று கேட்பவர்களுக்கு அவர் பதில் சொல்வதில்லை. பதில் டொரோண்டோவில் இருந்தது. பெயர் யதுஷா, அவருடைய ஒரே மகள்.

இந்த மாடிக் கட்டடம் நிற்கிற நிலத்தில் முன்பு அவர்களுடைய வீடு இருந்தது. ஓட்டுக்கூரை போட்ட பழைய வீடு. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பி துருப்பிடிக்கும், வானொலி துருப்பிடிக்கும், ஜீவராணியின் தையல் ஊசிகூடத் துருப்பிடிக்கும். பின்படலையைத் திறந்தால் தண்டவாளம், அதைத் தாண்டினால் கடல். யதுஷா கனடாவுக்குப் போன நாளில் விமான நிலையத்தில் வைத்துச் சொன்ன கடைசி வார்த்தை, "வீட்டை ஒண்டும் செய்யாதேங்கோ அப்பா" என்பதுதான். நவரத்தினமும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். ஆனால் கூரை ஒரு பக்கம் இறங்கியது, கறையான் ஒரு பக்கம் தின்றது, ஆளுக்கு ஆள் மாடி கட்டச் சொன்னார்கள். மகளிடம் கேட்டால் வேண்டாம் என்பாள் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் கேட்கவில்லை. கூரை கழற்றிய வீட்டின் படத்தை யாரோ ஒரு சொந்தக்காரர் வாட்ஸப்பில் அனுப்பித்தான் அவளுக்கு விஷயமே தெரிந்தது.

அவள் சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நவரத்தினம் பிழைத்திருப்பார். அன்றிலிருந்து தொலைபேசியில் தாயோடு சிரித்துச் சிரித்து ஊர்க்கதை கதைப்பாள். அப்பாவின் முறை வந்ததும், "சாப்பிட்டீங்களா? மருந்து போட்டீங்களா?" என்பதோடு முடித்துக்கொள்வாள். ஆஸ்பத்திரித் தாதி கேட்பது போல இருக்கும் அவருக்கு. இப்போது சித்திரையில் விடுமுறைக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். அவள் திரும்பிப் போவதற்குள் அந்தப் பழைய குரலில் ஒரு வார்த்தையாவது தன்னோடு கதைத்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் நவரத்தினத்தின் ஆசை.

அந்தப் பழைய குரல் எங்கே இருந்தது என்று அவருக்குத் தெரியும். தண்டவாளத்துக்கு அப்பால், வற்றுக் கடலில் வெளியே தெரியும் பாறைகளுக்கு நடுவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் தகப்பனும் மகளும் அங்கே போவார்கள். இரண்டு பாறை வரம்புகளுக்கிடையில் ஒரு குழி. குழந்தை உட்கார்ந்தால் கழுத்தளவு தண்ணீர். குழிக்குப் பின்னால் ஒரு வெடிப்பு. வெளியே அலை மோதினால் அந்த வெடிப்பால் தண்ணீர் "குபுக்" என்று புகுந்து குழி முழுவதும் எழும்பும், பிறகு மெல்ல வடியும். தண்ணீர் நாடியைத் தொட்டதும் யதுஷா கீச்சிட்டுக்கொண்டு, "இன்னொண்டு அப்பா!" என்பாள். அலையை அப்பாதான் அனுப்புகிறார் என்பது அவளுடைய நம்பிக்கை. நவரத்தினமும் மறுத்ததில்லை. கடலைப் பார்த்துக் கையை உயர்த்துவார், அடுத்த அலை வரும். எந்தத் தகப்பனுக்கு இப்படி ஒரு மரியாதை கிடைத்திருக்கும்?

அந்தக் குழியும் இப்போது இல்லை. கடலரிப்புக்கென்று கொட்டிய கருங்கற்கள் அதை மூடிவிட்டன. அதனால்தான் அதை வீட்டுக்குள் கட்ட முடிவு செய்தார்.

மஷூர் முதலில் நல்ல மனதோடு தனக்குத் தெரிந்த வழியைச் சொன்னார். "நடுவுல கல்ல மலை மாதிரி அடுக்குவோம் மச்சான். சுத்தி மீன் ஓடும். எல்லாரும் அப்பிடித்தான் செய்ற."

"எனக்கு மலை வேண்டாம், குழி வேணும்" என்றார் நவரத்தினம்.

"குழியா? தொட்டிக்குள்ள என்னத்துக்குக் குழி?"

நவரத்தினம் தண்ணீர்ச் சபையில் படம் வரைந்தே தலை நரைத்தவர். ஒரு தாளில் இரண்டு பக்க வரம்பு, நடுவில் பள்ளம், பின்னால் வெடிப்பு என்று கீறிக் காட்டினார். மஷூர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தப் பாறைகளில் அவரும் சின்ன வயதில் கால் கிழித்துக்கொண்டவர்தான். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

கடலில் பாறை உடைப்பது குற்றம், உடைக்க இருவருக்கும் மனமும் இல்லை. எனவே பாறையைச் செய்தார்கள். வெள்ளைச் சீமெந்து, நொறுக்கிய சிப்பி, கைப்பிடி கைப்பிடியாகக் கல்லுப்பு, எல்லாம் கலந்து ஈரமணலில் குழி தோண்டி வார்த்தார்கள். தண்ணீரில் ஊறப் போட்டால் உப்பு கரைந்துபோய் அந்த இடமெல்லாம் துளையாகும், துளைக்குள் கடலின் சிற்றுயிர்கள் குடியேறும். ஜீவராணியின் இடியப்ப மாக் குழைக்கிற பேசின் இந்த வேலையில் வீரமரணம் அடைந்தது. சீமெந்தின் காரம் போகும்வரை மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றினார்கள். குளியலறையில் பாறைகள் ஊறிக் கிடந்ததால் அந்த வீட்டில் குளிப்பதே ஒரு சாகசமாக இருந்தது.

அடுத்தது அலை. அங்கேதான் நவரத்தினத்தின் கை ஓங்கியது. தொட்டிக்குக் கீழே அலுமாரிக்குள் இன்னொரு தொட்டி, தண்ணீரை வடிகட்ட. அங்கிருந்து ஒரு பம்ப் தண்ணீரைக் கூரையருகே கட்டிய பெரிய வாளிக்கு ஏற்றும். வாளிக்குள் வளைந்த பைப் ஒன்று. தண்ணீர் சிறுகச் சிறுக ஏறி அந்த வளைவைத் தாண்டியதும் வாளி முழுவதும் ஒரே மூச்சில் இறங்கி, பின்னாலிருந்து பாறை வெடிப்பு வழியாகத் தொட்டிக்குள் பாயும். பழைய சங்கிலி இழுக்கிற கக்கூசுத் தொட்டியின் அதே சூத்திரம்தான். ஜீவராணி அதைக் கண்டுபிடித்துவிட்டு, "மகளுக்குக் காட்டப்போற கடல் இதுதானே?" என்று கேட்டபோது அவருக்குக் கோபமே வந்தது.

வாளிக்கு எவ்வளவு தண்ணீர் போகவேண்டும் என்பதற்கு ஒரு திருகு வேண்டும். கூடத் திறந்தால் அலை அடிக்கடி வரும், குறைத்தால் கடல் ஓய்ந்திருக்கும். அந்த இடத்துக்கு என்ன பூட்டுவது என்று நவரத்தினம் எப்போதோ முடிவு செய்திருந்தார். மஷூரிடம் சொல்லவில்லை. ஜீவராணியிடமும் சொல்லவில்லை.

பழைய வீட்டின் பின்படலைக்குப் பக்கத்தில், முழங்கால் உயரத்தில், ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. கடலுக்குப் போய் வருகிற யாரும் அதில் கால் கழுவாமல் உள்ளே வரக்கூடாது என்பது ஜீவராணியின் சட்டம். திறக்கும்போது அது கீச்சென்று கத்தும். எத்தனை தோல்வளையம் மாற்றினாலும் கத்தும். யதுஷா அதற்குக் கிளி என்று பெயர் வைத்தாள். பிறகு வீட்டில் எல்லோருக்கும் அது கிளிதான். வீட்டை உடைக்க வந்த ஆட்கள் கூரையில் கை வைக்கும் முன்னரே நவரத்தினம் குழாய்க்குறடோடு போய் அதைக் கழற்றி ஒரு பழைய சாரத்தில் சுற்றி வைத்துக்கொண்டார். அந்த வீட்டிலிருந்து அவர் எடுத்து வைத்தது அது ஒன்றுதான்.

இனி யதுஷா வருவாள். கிளியைத் திருகுவாள். அது கத்தும், அலை வரும். அதை நினைத்து நினைத்தே அவர் பல இரவுகள் நன்றாக நித்திரை கொண்டார்.

மஷூர் தொடக்கத்திலேயே, "இரும்பு, கம்பி ஒண்டும் தண்ணியில படப்படாது" என்று சொல்லியிருந்தார். அது நவரத்தினத்தின் காதில் துருப்பிடிக்கிற சாமான் படக்கூடாது என்றுதான் விழுந்தது. பித்தளை எங்கே துருப்பிடித்தது? வாழ்நாள் முழுவதும் ஊருக்குக் குடிதண்ணீர் அனுப்பிய மனிதர் அவர். பித்தளை பூட்டிய வேலைதான் வேலை, பிளாஸ்டிக் திருகு பூட்டியவன் திருடன் என்பது அவருடைய கட்சி. குடிதண்ணீருக்கு அது சரி. கடல்தண்ணீரோடு அவருக்குக் குளித்த பழக்கம் மட்டும்தான்.

தொட்டியில் தண்ணீர் நிறைந்து, வாளி நிறைந்து, முதல் அலை "குபுக்" என்று வெடிப்பால் புகுந்தபோது ஜீவராணி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். பள்ளத்தில் தண்ணீர் எழும்பி மெல்ல வடிந்தது. அவள் அடுத்த அலைவரை நின்றாள், அதற்கடுத்த அலைவரையும் நின்றாள். கறி அடிப்பிடித்தது.

தண்ணீர் தெளிந்து பதப்பட்டதும் மஷூர் உயிர்களைக் கொண்டுவந்தார். வாலாட்டும் சின்ன நீல மீன்கள், கண்ணாடியில் பாசி மேய்கிற கடல் நத்தைகள், பண்ணையில் வளர்த்த பவளத் துண்டுகள். பவளத்தில் ஒரு வகை சட்டைப் பொத்தான் அளவில் பச்சையும் செம்மஞ்சளுமாக விரிந்திருக்கும். எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. யதுஷா பயணச்சீட்டு எடுத்துவிட்டதாகச் செய்தி வந்த வாரத்தில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து கழன்று விழத் தொடங்கின. மல்லாந்து கிடந்தவை எழும்பவில்லை. பிறகு பொத்தான்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டன, திறக்கவே இல்லை. மீன்கள் மட்டும் ஒன்றும் நடக்காதது போல ஓடித் திரிந்தன.

மஷூர் வந்தார். உப்பை அளந்தார், சூட்டை அளந்தார், நுளம்புக்கு மருந்து அடித்தீர்களா என்று ஜீவராணியைக் குறுக்கு விசாரணை செய்தார். கடைசியில் தொட்டித் தண்ணீரைச் சிறிய குப்பியில் எடுத்து ஏதோ மருந்துத் துளி விட்டார். தண்ணீர் நிறம் மாறியது. மஷூரின் முகமும் மாறியது.

"இதுல செம்பு ஈக்கி மச்சான். மீன் தாங்கும். நத்தையும் பவளமும் தாங்காது. எங்கயிருந்து வந்த?"

"செம்பா? இஞ்ச செம்பு எங்க கிடக்குது? உள்ளது ஒரு..." என்று தொடங்கிய நவரத்தினம் நிறுத்திக்கொண்டார். பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு என்பதைப் பாடமாகப் படித்தவர்தான் அவர்.

மஷூர் குனிந்து அலுமாரிக் கதவைத் திறந்தார். உள்ளே வெள்ளைப் பைப்புகளுக்கு நடுவே கிளி உட்கார்ந்திருந்தது. கழுத்தைச் சுற்றிப் பச்சை பூத்திருந்தது. திட்டுவதற்காகத் திறந்த வாயை மஷூர் அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். அந்தக் குழாயில் அவரும் எத்தனையோ தடவை கால் கழுவியவர்.

"இது அந்தக் கிளியெல்லோ?" என்றார் மெதுவாக.

"ஓம்."

"கழட்டு மச்சான்."

"பிள்ளை வந்து ஒருக்காத் திறந்து பார்க்கட்டும். பிறகு கழட்டுவம். கொஞ்ச நாள்தானே?"

"அதுக்குள்ள எல்லாம் மௌத்தாகிப் போகும். புள்ளைக்கு என்னத்தக் காட்டப் போற, செத்த கல்லையா?"

பின்னால் நின்ற ஜீவராணி அப்போதுதான் குழாயைக் கண்டாள். கேலி செய்வாள் என்று நவரத்தினம் தலையைக் குனிந்தார். அவள், "இதை வச்சிருக்கிறீங்கள் எண்டு எனக்கே தெரியாது" என்று மட்டும் சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மஷூரைக் கழற்ற விடவில்லை. அன்று பின்னேரமே பம்பை நிறுத்திவிட்டு நவரத்தினம் தானே குறடு பிடித்துக் கழற்றினார். அந்த இடத்தில் தெஹிவளையிலிருந்து வந்த வெள்ளைப் பிளாஸ்டிக் திருகு ஒன்று ஏறியது. வாழ்நாள் எல்லாம் அவர் திட்டிய சாமான். சத்தமில்லாமல், வெண்ணெய் போலத் திரும்பியது. நவரத்தினத்துக்கு அழுகை வந்தது, அழுதார். பிறகு கிளியைப் பழையபடி சாரத்தில் சுற்றி மேசை லாச்சிக்குள் போட்டார். மஷூர் வான் வண்டியில் புதுத் தண்ணீர் கொண்டுவந்து பாதித் தொட்டியை மாற்றினார், செம்பை உறிஞ்சக் கரிப் பொட்டலங்களைக் கீழ்த்தொட்டியில் கட்டித் தொங்கவிட்டார். செத்தவற்றை எடுத்து எறிந்த பிறகு மிஞ்சியது கொஞ்சம்தான். அதுவும் விரியாமல் மூடிக்கொண்டு இருந்தது.

யதுஷா வந்தாள். மெலிந்திருந்தாள். தாயைக் கட்டிப்பிடித்து அழுதாள், தகப்பனிடம், "சுகமா இருக்கிறீங்களா அப்பா?" என்றாள். நவரத்தினம் அவளைத் தொட்டிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். வெள்ளைத் திருகைத் திறந்தார். வாளி நிறைந்தது, "குபுக்" என்று அலை புகுந்தது, பள்ளத்தில் தண்ணீர் எழும்பி வடிந்தது. அவர் தொட்டியைப் பார்க்கவில்லை, அவளுடைய வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா இருக்கு அப்பா. நல்லா மினக்கெட்டிருக்கிறீங்கள்" என்றாள் யதுஷா. கந்தோரில் சக ஊழியரைப் பாராட்டுகிற மாதிரி இருந்தது. பிறகு குளிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவள் தனியாகக் கடற்கரைக்குப் போனாள். நவரத்தினம் பின்பக்க பல்கனியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கருங்கற்களின் மேல் ஏறி அந்தக் குழி இருந்த பக்கத்தை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தாள், பின்படலைக்கு வந்தாள். கட்டடம் புதிது, படலை புதிது, சுவரும் புதிது. ஆனால் படலை இருந்தது அதே இடத்தில்தான். உள்ளே நுழைந்தவள் வலது பக்கமாகக் குனிந்து, வேறெங்கோ பார்த்தபடி, முழங்கால் உயரத்தில் கையை நீட்டினாள். கை வெறும் சுவரில் பட்டது. அவள் கையை எடுக்கவில்லை. குனிந்தபடியே நின்றாள்.

நவரத்தினம் லாச்சியை இழுத்த வேகத்தில் அது கையோடு வந்துவிட்டது. சாரத்துப் பொட்டலத்தோடு குறடு, வெள்ளை நாடா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, வீட்டுச் சாரத்தோடேயே, மேல்சட்டைகூடப் போடாமல் லிப்டில் இறங்கினார்.

யதுஷா சுவரோரம் குந்தியிருந்தாள். அவர் பொட்டலத்தை அவிழ்த்துக் காட்டினார். அவள் அதைக் கையில் வாங்கினாள், திருகினாள். கீச்சென்றது.

"எப்ப எடுத்தனீங்கள்?"

"கூரையைக் கழட்ட முதல். முதல்ல கழட்டினது இதைத்தான்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே அப்பா. எல்லாத்தையும் சொல்லியிருக்கலாமே. நான் வேண்டாம் எண்டு சொல்லுவன், அழுவன், பிறகு ஓம் எண்டிருப்பன். உங்களுக்கு என்னை அவ்வளவுதான் தெரியுமா?"

"பயத்தில சொல்லேல்லை" என்றார் நவரத்தினம். "உன்னட்டைப் பயம் பிள்ளை. இப்பவும் பயம்."

அவள் அழுதுகொண்டே சிரித்தாள். பூஞ்சாடிகளுக்குத் தண்ணீர் விடுவதற்காகச் சுவரில் கொஞ்சம் தள்ளி ஒரு பிளாஸ்டிக் குழாய் இருந்தது. நவரத்தினம் அதன் மூல வால்வைப் பூட்டிவிட்டு அதைக் கழற்றினார். கிளியின் மரையில் வெள்ளை நாடா சுற்றிக்கொண்டே தொட்டியில் நடந்த கூத்தைச் சொன்னார். நத்தைகள் விழுந்த கதையையும், மஷூர் வாயைத் திறந்தபடி நின்ற கதையையும் கேட்டு, "எங்கட கிளி கொலைகாரக் கிளியா?" என்றாள் யதுஷா. கடல்தண்ணீருக்குத்தான் அது ஆகாது, இந்தத் தண்ணீருக்கு ஒன்றும் செய்யாது என்று நவரத்தினம் மிகுந்த கவனத்தோடு விளக்கினார். காவலாளி தூரத்தில் நின்று, மேல்சட்டை இல்லாத மாத்தயா கட்டடத்துக் குழாயைப் பிடுங்குவதை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளி ஏறியது, கத்தியது, தண்ணீர் விழுந்தது. யதுஷா ஒரு காலை மற்றக் காலால் தேய்த்துத் தேய்த்து மண் போகக் கழுவினாள். பிறகு தகப்பனுடைய காலைப் பார்த்து, "நீங்களும் கழுவுங்கோ. அம்மா பேசுவா" என்றாள். அவர் கடற்கரைக்கே போகவில்லை. இருந்தாலும் கழுவினார்.

மேலே வந்ததும் யதுஷா ஈரக்காலோடு தொட்டிக்கு முன்னால் நிலத்தில் முழங்காலிட்டாள். நாடி தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே வருமளவுக்குக் குனிந்தாள். பாறை மூலையில் ஒரு பச்சைப் பொத்தான் பாதி விரிந்திருந்தது. வாளி நிறைகிற சத்தம் மேலே மெல்லக் கேட்டது. நவரத்தினம் கதிரையில் இருந்தார். "குபுக்" என்று அலை வெடிப்பால் புகுந்தது. தண்ணீர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவளுடைய நாடியளவுக்கு எழும்பியது, வடிந்தது.

"இன்னொண்டு அப்பா" என்றாள் யதுஷா, திரும்பிப் பார்க்காமல்.

அந்த நாட்களில் அவர் ஒன்றும் செய்ததில்லை, கையை மட்டும்தான் உயர்த்தினார். நவரத்தினம் எழுந்துபோய் அலுமாரிக் கதவைத் திறந்து, வெள்ளைத் திருகை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.